ஃபிர்மென் விழுந்த இடம்

வெர்ஞோல் ஊருக்குள் நுழையும் கார் பிரேக் பிடித்தால் ஊரைத் தாண்டித்தான் நிற்கும். அவ்வளவு பெரிய ஊர். மொத்தம் முப்பத்தொரு பேர். அதில் ஒருவர் ஃபிர்மென், வயது எழுபத்திரண்டு. போன ஊராட்சித் தேர்தலில் ஏழு இடங்களுக்கு எட்டுப் பேர் நின்றார்கள். மீதமான அந்த ஒரு ஆள் அவர்தான்.

இதை யாரும் மறைவாகப் பேச வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவரே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"தோக்குறதுக்கு இந்த ஊர்ல இருந்ததே ஒரே ஒரு எடம். அதையும் நான் போட்டியில்லாம புடிச்சிட்டேன்."

மற்ற விஷயங்களிலும் நிலைமை இப்படித்தான். இரும்புக் குண்டு உருட்டும் ஆட்டத்தில் அவரைப் புள்ளி எண்ண வைத்திருந்தார்கள். பூசணிக்காய்க் கண்காட்சியில், ஜெயித்த பூசணி எவ்வளவு பெரியது என்று பார்வையாளர்களுக்குப் புரிவதற்காக அவருடையதைப் பக்கத்தில் வைப்பார்கள். மனைவி ஜினெத் அவரைக் கல்யாணம் செய்துகொண்டதுகூட அவருடைய அண்ணன் இராணுவத்திலிருந்து திரும்பத் தாமதமானதால்தான் என்று ஒரு பேச்சு உண்டு. ஜினெத் அதை மறுத்ததில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஃபிர்மென் முதல் ஆள். செப் காளான். செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஊர்த் திருவிழாச் சாப்பாட்டில், நீள மேசையின் நடுவே முதல் கூடையை வைப்பது இருபத்தாறு வருடங்களாக அவர்தான். பழுப்புக் குடை, தடித்த வெள்ளைக் காம்பு, குழந்தையின் தொடை மாதிரி. ஒரு வருடம் அவர் அறுத்த காளானின் அடியில் மழைக்கு ஒரு கன்றுக்குட்டி ஒதுங்கியிருந்தது. அதை விரட்டிவிட்டுத்தான் அறுக்க வேண்டியிருந்தது. சின்னக் கன்றுக்குட்டிதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிகைப்படுத்துவது நன்றாக இருக்காது.

அந்தக் காளான் எங்கே முளைக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வெர்ஞோலில் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுப்பார்கள். வயிற்றுக் கோளாறை ரொட்டி வண்டி வரிசையில் நின்றுகொண்டே பேசுவார்கள். காளான் இடத்தை மட்டும் பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்கும்போதும் சொல்ல மாட்டார்கள். பாதிரியாரும் கூடை வைத்திருந்தார்.

காளானுக்குப் போகும்போது ஃபிர்மென் தன் வெள்ளை வேனைக் காட்டுக்கு எதிர்த்திசையில், கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்துவார். தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு குளத்துப் பக்கம் நடப்பார். தூண்டிலைப் பாதி வழியில் ஒரு புதரில் சொருகிவிட்டு, மேட்டைச் சுற்றி, ஓடையைத் தாண்டிக் காட்டுக்குள் புகுவார். நாற்பது வருடமாக மீன்பிடி உரிமத்தைத் தவறாமல் புதுப்பித்து வந்தார். மீன்களுக்கும் அவருக்கும் எந்தத் தகராறும் கிடையாது.

அந்த வருடம் திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பிளந்த செஸ்ட்நட் மரத்தின் அடியில் ஏழு காளான்களை அறுத்துக் கூடையில் வைத்தார். எட்டாவதற்காகச் சரிவில் கால் வைத்தார். ஈரமான வேர். கணுக்காலுக்குள் காய்ந்த சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம் கேட்டது. சுள்ளியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே விழுந்தார். சுள்ளியாக இல்லை.

எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை. மரத்தைப் பிடித்து எழுந்தார். மரம் நின்றது, அவர் நிற்கவில்லை. சட்டைப்பையில் போன் இருந்தது. அந்தச் சரிவில் சிக்னலும் கிடைத்தது. ஊராட்சி அலுவலகத்திலேயே கிடைக்காத சிக்னல், யாருக்கும் தெரியக்கூடாத இடத்தில் கிடைத்தது.

ஜினெத்தைக் கூப்பிட்டார்.

"கால் பிசகிடுச்சு. நடக்க முடியல."

"எங்க இருக்க?"

"காட்டுல."

"எந்தக் காட்டுல?"

"மரமெல்லாம் இருக்குமே, அந்தக் காட்டுல."

மறுமுனையில் ஜினெத் அடுப்பின் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. உருளைக்கிழங்கு அடை வெந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

"நாப்பத்தேழு வருஷம் உன்கூடக் குடும்பம் நடத்தியிருக்கேன். எங்கிட்டகூடச் சொல்ல மாட்டியா?"

"உங்கிட்டச் சொன்னா உன் தங்கச்சிகிட்டச் சொல்லுவ."

"சாகுறப்பவாவது சொல்லுவியா?"

"அப்ப பாத்துக்கலாம்."

"சரி, சாவு. நான் தீயணைப்புக்காரங்களுக்குப் போன் போடுறேன்."

ஐந்து நிமிடத்தில் அவருடைய போனுக்கு ஒரு செய்தி வந்தது. தீயணைப்பு நிலையத்திலிருந்து. 'இந்த இணைப்பைத் தொடுங்கள். நீங்கள் இருக்கும் இடம் எங்களுக்குத் தெரிந்துவிடும்.' இவ்வளவு கேவலமான விஷயத்தை இவ்வளவு மரியாதையாக ஒருவர் கேட்டு அவர் பார்த்ததில்லை. கட்டைவிரலைப் பின்னால் மடக்கிக்கொண்டார். உடனே போன் அடித்தது. லுடோ. கரண்ட் வேலை செய்கிறவன், கூப்பிட்டால் தீயணைப்புக்காரன்; அந்தப் பக்கம் அடிபட்டவர்களைத் தூக்குவதும் அவர்கள்தான்.

"பெரியவரே, அந்த லிங்கைத் தொடுங்க. பத்து நிமிஷத்துல வந்து தூக்கிர்றோம்."

"வேணாம் லுடோ. நான் குளத்துக்கிட்ட இருக்கேன். அங்க வா."

"சரி, இப்பவே கெளம்புறோம்."

"இப்பவே வராதடா. ரெண்டரை மணி நேரம் கழிச்சு வா."

"ஏன்?"

"நான் இன்னும் அங்க போய்ச் சேரல."

உடனே ஃபிர்மென் போனை அணைத்துவிட்டார்.

அவருக்குத் தன்னைப் பற்றி எந்த மயக்கமும் இல்லை. இருபத்தாறு வருட மரியாதை முழுவதும் இந்த மரத்தடியில் முளைத்ததுதான். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் இங்கே வந்தால், காலை அவர்கள் கட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் இங்கே நாற்பது பேர் நிற்பார்கள். ஊரில் முப்பத்தொரு பேர்தான் என்றாலும் நாற்பது பேர் நிற்பார்கள். கால் போனால் இன்னொரு கால் இருக்கிறது. இடம் போனால் அவர் வெறும் எட்டாவது ஆள்.

கூடையைப் பெரணிச் செடிகளுக்குள் தள்ளி இலைகளால் மூடினார். பிறகு உட்கார்ந்தபடியே, கைகளை ஊன்றி, பிட்டத்தால் நகர ஆரம்பித்தார்.

போக வேண்டிய இடத்தைத் தீர்மானித்துவிட்டார். சரிவின் கீழே, ஓடைக்கு அப்பால், வரிசையாக நட்ட ஊசியிலைக் காடு. இருட்டும் பிசினும்தான் அங்கே. காளான் முளைத்ததாகச் சரித்திரமே இல்லை. அல்சீத் அடிக்கடி சொல்வான்: "அங்க போய்க் காளான் தேடுறதும் ஒண்ணுதான், மேயரம்மா அலமாரியில தேடுறதும் ஒண்ணுதான்." அல்சீத் ஊராட்சியின் ஏழாவது உறுப்பினன். ஃபிர்மெனை ஒரு ஓட்டில் தோற்கடித்தவன். அவரைவிட இரண்டு வயது மூத்தவன், காளானில் என்றும் இரண்டாமவன். அவன் சொன்னதில் ஃபிர்மென் நம்பிய ஒரே விஷயம் இந்த ஊசியிலைக் காட்டைப் பற்றியதுதான். அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால், அங்கிருந்து குளம் கூப்பிடு தூரம்.

நடந்தால் ஐந்து நிமிடம். பிட்டத்தால் நகர்ந்தால் எவ்வளவு நேரம் என்பதை அதற்கு முன் யாரும் அளந்ததில்லை. இரண்டேகால் மணி நேரம். வழியில் ஒரு நத்தை அவரை முந்திக்கொண்டு போனது. முந்தியதுகூடப் பரவாயில்லை, கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்த்தது. முட்புதரில் கால்சட்டையின் பின்புறம் கிழிந்தது. ஓடையில் பாதி நனைந்தார், மீதி பாதிக்காக மழை தூறியது.

அதே நேரத்தில் ஊர் கிளம்பிவிட்டது. இதெல்லாம் அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. ஃபிர்மென் ஒருவருக்காக இத்தனை பேர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஓடிவருவார்கள் என்று தேர்தலின்போது தெரிந்திருந்தால் அவர் இன்னும் தைரியமாக நின்றிருப்பார். முதலுதவிப் பொருள்களுக்காக என்று சொல்லி எல்லோரும் கூடை எடுத்து வந்தார்கள். காட்டுக்குள் புகுந்து "ஃபிர்மென்" என்று கூப்பிட்டார்கள், ஆனால் மெதுவாக. அவரைத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் ஒவ்வொருவரின் ஆசையும்.

மேயர் மிரேய் ஒழுங்கான பெண்மணி. காட்டின் வரைபடத்தைக் காரின் மூக்கில் விரித்து வைத்து, தேடி முடித்த இடத்தில் பேனாவால் குறுக்குக் கோடு போடச் சொன்னாள். பதினைந்து நிமிடத்தில் கோடுகள் நிறைந்துவிட்டன. அத்தனை வேகமாக யாரும் தேடவில்லை. தன் இடத்துக்கு வேறு யாரும் போய்விடக் கூடாதே என்று ஒவ்வொருவரும் "அங்க நான் பாத்துட்டேன், ஆள் இல்ல" என்று தத்தம் காளான் இடத்தின் மேல் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மிரேய் அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த இலையுதிர் காலம் முழுக்க மேயர் வீட்டில் நல்ல சாப்பாடு.

ஊசியிலைக் காட்டின் மேல் கோடு போட்டது அல்சீத்.

ஃபிர்மென் ஓடையைத் தாண்டி, முதல் மரவரிசையின் கீழே கிளையை விலக்கிக்கொண்டு உள்ளே நகர்ந்தபோது, அவருடைய மூக்கு ஒரு செப் காளானின் மேல் இடித்தது. அதற்கு அப்பால் இன்னொன்று. அதற்கு அப்பால் பாசியின் மேல் முப்பது, நாற்பது, ஒரு சபை கூடியது போல. சபையின் நடுவே, கையில் கத்தியோடு, குனிந்தபடி அல்சீத்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பறவை கத்திவிட்டு நிறுத்தியது.

"எப்படிக் கண்டுபுடிச்ச?" என்றான் அல்சீத்.

"எதை?"

"டேய், கால் ஒடைஞ்ச மாதிரி நடிச்சு வந்திருக்கியா?"

"இதப் பாத்துச் சொல்லு, நடிப்பான்னு." ஃபிர்மென் காலைக் காட்டினார். கணுக்கால் அவருடைய பூசணிக்காயைவிடப் பெரிதாக வீங்கியிருந்தது. "நீ என்னைத் தேடாம இங்க என்ன பண்ற?"

"தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"காளானுக்கு அடியிலயா?"

அல்சீத்தின் பார்வை ஃபிர்மெனின் தோளைத் தாண்டிப் போயிற்று. ஃபிர்மெனும் திரும்பிப் பார்த்தார். ஓடைக்கு அந்தப் பக்கம், ஈரமான பெரணிகளுக்கு நடுவே, ஒரு கொழுத்த காட்டுப்பன்றியை இழுத்துப் போனது போல நேராக ஒரு தடம் மேலேறிப் போனது. இரண்டேகால் மணி நேரம் பாடுபட்டு, தன் இடத்துக்குத் தன் பிட்டத்தாலேயே பாதை போட்டு வைத்திருந்தார்.

"ஓஹோ," என்றான் அல்சீத்.

"ஓஹோ எல்லாம் வேணாம். நான் வாயைத் தொறந்தா நாளைக்கு இங்க ஊரே நிக்கும்."

"நான் தொறந்தா அங்க நிக்கும்."

மேட்டின் அந்தப் பக்கம் யாரோ "ஃபிர்மென்" என்று மெதுவாகக் கூப்பிடுவது கேட்டது. ஜினெத்தின் தங்கையின் குரல்.

"ஏறு முதுகுல," என்றான் அல்சீத்.

எழுபத்துநாலு வயது ஆள் எழுபத்திரண்டு வயது ஆளைச் சுமந்துகொண்டு, காளான்களை மிதிக்காமல் ஊசியிலைக் காட்டை விட்டு ஓடியதை யாரும் பார்க்கவில்லை. அது ஊரின் நஷ்டம். அல்சீத்துக்கு முழங்காலில் வாதம்; ஃபிர்மெனுக்கு உயரமென்றால் பயம்.

"என்னடா இந்தக் கனம் கனக்குற? தேர்தல்ல தோத்தவன் எளைச்சிருக்க வேணாமா?"

"நீ ஜெயிச்சதுல எனக்குப் பசி கூடிடுச்சு."

"முடியைப் புடிக்காத."

"முடியா? பாசின்னு நெனச்சேன்."

குளக்கரையை அடைந்ததும் அல்சீத் அவரை இறக்கிவிட்டு, ஒரு நீளமான குச்சியை ஒடித்துக் கையில் கொடுத்தான். லுடோவும் ஸ்ட்ரெச்சரும் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தபோது, இரண்டு கிழவர்களும் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

லுடோ காலைப் பார்த்தான். கிழிந்த கால்சட்டையைப் பார்த்தான். தலைமுடியில் ஒட்டியிருந்த ஊசியிலைகளை ஒவ்வொன்றாக எடுத்தான்.

"மீன் புடிக்கிறப்பவா விழுந்தீங்க?"

"ஆமா."

"இந்தத் தூண்டில்ல நூலே இல்லையே பெரியவரே."

"அதான் ஒண்ணும் மாட்டல."

"இவன் சொல்றது நெசம்," என்றான் அல்சீத். "நான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு மீன்கூட வரல."

காலுக்குக் கட்டுப் போட்டு மூன்று வாரம் ஊன்றக் கூடாது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைத் திருவிழாவில் ஃபிர்மென் காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருடங்களில் முதல்முறையாக, மேசையின் நடுவே முதல் கூடையை வேறொருவர் வைத்தார். அல்சீத். எல்லோரும் கைதட்டினார்கள், ஆளையும் காப்பாற்றி, காளானையும் கொண்டுவந்தவன் அல்லவா? மிரேய் அவனைப் பாராட்டி இரண்டு நிமிடம் பேசினாள்.

"எங்க கெடைச்சுதுன்னு மட்டும் கேக்காதீங்க," என்றான் அல்சீத், ஃபிர்மெனைப் பார்த்தபடி.

ஊசியிலைக் காட்டுக் காளானா, செஸ்ட்நட் மரத்தடிக் காளானா? ஃபிர்மென் தட்டை மூக்கருகே கொண்டுபோனார். பூண்டும் வெண்ணெயும்தான் மணத்தன. முட்கரண்டியால் ஒவ்வொரு துண்டாகப் புரட்டினார்.

"என்னத்தத் தேடுற?" என்றாள் ஜினெத்.

"உப்பு."

"உப்பை மேல போடுவாங்க. அடியில தேட மாட்டாங்க."

அந்த மூன்று வாரமும் நல்ல மழை, பிறகு நல்ல வெயில். அப்படி ஒரு காளான் பருவம் இருபது வருடத்தில் வந்ததில்லை. ஃபிர்மென் ஜன்னலோரம் உட்கார்ந்து, அல்சீத் வீட்டைவிட்டுக் கிளம்பும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செஸ்ட்நட் மரம் இருக்கும் இடது பக்கம் போனால் வயிறு எரிந்தது. வலது பக்கம் போனால், இது ஏமாற்று வேலை, அந்தப் பக்கம் சுற்றி இடது பக்கம்தான் போவான் என்று இன்னும் எரிந்தது. இரண்டாவது வாரம்தான் கத்தி நினைவுக்கு வந்தது. காளான் அறுக்கிற வளைந்த கத்தி, நுனியில் மண் தட்டுகிற பிரஷ், பிடியில் அவர் பெயரை அவரே சூடு போட்டு எழுதியது. மரத்தடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். யாராவது வழி தவறி அங்கே போனாலும் இது யாருடைய இடம் என்று குழம்ப வேண்டாம், பெயர்ப்பலகையே இருந்தது.

கட்டு அவிழ்த்த மறுநாள், ஊன்றுகோலோடு, வேனைக் கல்லறைத் தோட்டத்து வாசலில் நிறுத்தினார். தூண்டில் சொருகிய இடத்திலேயே இருந்தது. மேட்டைச் சுற்றும் வழியில் ஊசியிலைக் காடு குறுக்கிட்டது. வேறு வழியும் உண்டு. அந்தப் பக்கம் போகக் கால் ஒத்துக்கொள்ளவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். சும்மா ஒரு பார்வை என்றுதான் உள்ளே நுழைந்தார். பாசியின் மேல் புதிதாக முளைத்திருந்தன. மூன்று வாரமாக அவன் என்னுடையதைத் தின்றிருக்கிறான், என்றது வயிறு. எட்டு அறுத்தார். கத்தி இல்லாததால் சாவியால் அறுத்தார். எட்டு என்பது அவருக்குப் பழகிய எண்.

திருடிய காளானோடு ஓடையைத் தாண்டி, தன் பிட்டம் போட்ட பாதையிலேயே மேலே ஏறினார். பெரணிகள் இன்னும் நிமிர்ந்திருக்கவில்லை. கண் தெரியாதவன்கூடத் தடவிக்கொண்டு வந்துவிடலாம்.

பிளந்த செஸ்ட்நட் மரத்தடியில் காளான்கள் அப்படியே நின்றன. ஒன்றுகூட அறுக்கப்படவில்லை. அழுகி, குடை கவிழ்ந்து, புழு வைத்து, மூன்று வாரத்துக் காளான்கள் அத்தனையும் எண்ணிக்கை குறையாமல் நின்றன. பழைய கூடை அவர் மறைத்த இடத்தில் இருந்தது. உள்ளே ஏழும் குழம்பாகியிருந்தன. யாரும் வரவில்லை. அவருக்கு முதலில் நிம்மதி வந்தது. பின்னாலேயே கோபம் வந்தது. இருபத்தாறு வருடம் உலகத்திடமிருந்து ஒளித்து வைத்த இடம். வழியும் போட்டுக் கொடுத்தாயிற்று. அந்தக் கழுதைக்கு எட்டிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லையா?

அப்போது மரத்தின் பிளவில் கத்தியைப் பார்த்தார். அவர் விட்ட இடம் அதுவல்ல. கத்தி மடக்கப்பட்டிருந்தது. திறந்தார். அலகு துடைத்து, தீட்டி, எண்ணெய் போடப்பட்டிருந்தது. பிரஷைக்கூடக் கழுவியிருந்தான்.

அல்சீத் ஐந்தாறு அறுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். திட்டலாம், வாழ்நாள் முழுக்கப் பேசாமல் இருக்கலாம். இப்போது செய்ய ஒன்றுமே இல்லை. கையிலிருந்த கூடையில் எட்டுக் காளான் கனத்தது. ஏழாவது ஆளுக்கும் எட்டாவது ஆளுக்கும் ஒரு ஓட்டு வித்தியாசம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார்.

திரும்ப ஓடையைத் தாண்டினார். ஊசியிலைக் காட்டில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, பாசியில் விரலால் குழி தோண்டி, எட்டுக் காளான்களையும் ஒவ்வொன்றாகத் திரும்ப நட்டார். வெட்டுப்பட்ட காம்பு நிற்கவில்லை. சுற்றிலும் மண்ணை அணைத்து அழுத்தினார். சாய்ந்தவற்றுக்குக் குச்சி முட்டுக் கொடுத்தார். எழுபத்திரண்டு வயதில் ஒருவர் காளானுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். தள்ளி நின்று பார்த்தார். கூட்டத்தோடு கூட்டமாகத்தான் தெரிந்தன. அவனுக்கு வித்தியாசம் தெரியாது, என்று சொல்லிக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை. பதினோரு மணிக்கு ரொட்டி வண்டி ஹாரன் அடித்தது. வரிசையில் மேயர் மிரேய், அவளுக்குப் பின் அல்சீத், அவனுக்குப் பின் ஊன்றுகோலோடு ஃபிர்மென்.

"நேத்து ஒரு அதிசயம் பாத்தேன் மேயரம்மா," என்றான் அல்சீத், திரும்பிப் பார்க்காமல். "எங்கன்னு கேக்காதீங்க."

"கேக்கல," என்றாள் மிரேய். கேட்கத் தேவையில்லை, வரைபடம் கைப்பையில் இருந்தது.

"எட்டு செப். வேர் கெடையாது. ஆனா நிக்குது. ரெண்டு மூணுக்குக் கோல் வேற இருக்கு."

"புது மாதிரி நோயா இருக்குமோ?"

"கால்ல ஏதோ கோளாறுன்னு நெனக்கிறேன்." அல்சீத் இப்போது திரும்பி, ஃபிர்மெனின் கணுக்காலைக் கவலையோடு பார்த்தான். "உனக்கு இதுல அனுபவம் இருக்கே. தேறிடுமா?"

ஃபிர்மென் தன் ரொட்டியை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"தேறிடும்," என்றார். "மூணு வாரம் ஊன்றக் கூடாது."